காட்டில் தொலைதலும் கனவில் தொலைதலும்

இரவுப் பேருந்தில் அயர்ந்து தூங்கி, ஏதோ ஒரு தேநீர்க் கடை நிறுத்தத்தில் கண் விழித்தவர்களுக்கு இந்த அனுபவம் தெரிந்திருக்கும். வண்டி மீண்டும் புறப்படுகிறது. ஆனால் அது வந்த வழியே திரும்பிப் போவதாக மனம் அடித்துச் சொல்கிறது. விழுப்புரத்தைத் தாண்டி வந்தவர் மறுபடி விழுப்புரத்துக்கே போவதாக உணர்கிறார். நடத்துநரைக் கேட்கக் கூச்சம். அடுத்த ஊரின் பெயர்ப்பலகை கண்ணில் பட்ட கணத்தில், உலகம் அரைச்சுற்றுச் சுற்றித் தன் இடத்தில் வந்து பொருந்திக்கொள்கிறது. பிரெஞ்சு உளவியலாளர் ஆல்ஃபிரட் பினே, அறிவுத்திறன் சோதனையை வகுப்பதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே, 1894இல், இந்தத் திசைப் புரட்டைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்.

அந்த ஒரு நிமிடத்தின் ஒரு கரையில் விழிப்பும் மறு கரையில் உறக்கமும் இருக்கின்றன. ஒரு கரையில் நாம் காட்டிலும் கூட்டத்திலும் வழி தவறுகிறோம். மறு கரையில் கனவில் வழி தவறுகிறோம். வழி தவறும் கனவுக்கு என்ன பொருள் என்று கேட்பவர்கள் வழக்கமாகக் கனவு நூல்களைத்தான் புரட்டுகிறார்கள். இங்கே வேறொரு திசையிலிருந்து தொடங்கிப் பார்ப்போம். விழித்திருக்கும்போது வழி தவறினால் நமக்கு என்ன நேர்கிறது என்பதை முதலில் கவனித்து, அதைக் கனவின் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். இரண்டும் எங்கே ஒட்டுகின்றன, எங்கே விலகுகின்றன என்பதிலேயே கனவின் பொருள் பாதி வெளிப்பட்டுவிடும் என்று நம்புகிறேன்.

முதலில் சொற்கள். நடப்பவன் பக்கமிருந்து சொன்னால் ‘வழி தவறிவிட்டேன்’ என்கிறோம். தேடுபவர் பக்கமிருந்து சொன்னால் ‘காணாமல் போய்விட்டான்’ என்கிறோம். முதல் சொல்லில் பாதை இருக்கிறது; இரண்டாம் சொல்லில் பிறருடைய கண்கள் இருக்கின்றன. ‘நான் காணாமல் போய்விட்டேன்’ என்று எவரும் தன்னைப் பற்றி இயல்பாகச் சொல்வதில்லை. இந்த இரண்டு சொற்களும் கையில் இருக்கட்டும், பிறகு தேவைப்படும்.

விழிப்பில் வழி தவறியவர்கள் ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வருவார்கள் என்பது உலகெங்கும் சொல்லப்படும் பேச்சு. அது வெறும் பேச்சுதானா என்று ஜெர்மனியின் டூபிங்கன் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் ஆய்வகத்தைச் சேர்ந்த யான் சௌமனும் அவர் குழுவினரும் சோதித்து 2009இல் எழுதினார்கள். பீன்வால்ட் என்ற அடர்ந்த சமவெளிக் காட்டில் சிலரை விட்டு, ஒரே திசையில் நேராக நடக்கச் சொன்னார்கள். உடலில் கட்டிய ஜிபிஎஸ் கருவி அவர்களுடைய தடத்தை வரைந்தது. சூரியன் தெரிந்த நாளில் நடந்தவர்கள் ஏறக்குறைய நேர்கோட்டில் போனார்கள். மேகம் மூடிய நாளில் நடந்தவர்கள் வட்டமடித்தார்கள். தாங்கள் ஏற்கெனவே நடந்த தடத்தையே குறுக்கே கடந்தார்கள், கடந்தது தெரியாமல். துனிசியாவின் சஹாராப் பகுதியில் நிலா வெளிச்சத்தில் நடந்த ஒருவர், நிலா மேகத்துக்குள் மறைந்ததும் சிறிது சிறிதாகத் திரும்பி வந்த திசைக்கே போனார். கண்ணைக் கட்டி விட்டவர்கள் சில நேரம் 20 மீட்டர் விட்டத்துக்குள்ளேயே சுற்றினார்கள். ஒரு கால் நீளம், ஒரு கால் குட்டை என்பதால் வரும் கோணல் இது என்ற பழைய விளக்கமும் இங்கே பொய்த்தது. ஒரே ஆள் ஒருமுறை இடப்பக்கமும் மறுமுறை வலப்பக்கமும் வளைந்தார்.

கனவிலும் வட்டம் உண்டு. ஒரு படிக்கட்டில் ஏறினால் அதே தாழ்வாரம். தாழ்வாரத்தின் கடைசிக் கதவைத் திறந்தால் அதே படிக்கட்டு. ஆனால் இந்த இரண்டு வட்டங்களின் பிறவி வேறு. காட்டில் சுற்றுபவருக்குத் தான் சுற்றுவது தெரியாது. நேராகப் போவதாகவே நம்புகிறார். கனவில் சுற்றுபவருக்குச் சுற்றுவது நன்றாகத் தெரியும். ஆனால் நிறுத்த முடிவதில்லை. முன்னவருக்குக் கால் தப்புகிறது, நம்பிக்கை தப்புவதில்லை. பின்னவருக்கு நம்பிக்கைதான் முதலில் போகிறது.

இந்த இரு வட்டங்களும் ஒரே மனிதரிடம் தொட்டுக்கொண்ட இடம் ஒன்று உண்டு. கனவுகளின் பொருள் பற்றி 1900ஆம் ஆண்டைத் தாங்கி வந்த பெருநூலை எழுதிய சிக்மண்ட் ஃபிராய்ட், 1919இல் வெளியிட்ட வேறொரு கட்டுரையில் தன் நடைப்பயணம் ஒன்றைச் சொல்கிறார். வெயில் காயும் பிற்பகலில், இத்தாலியின் சிறுநகர் ஒன்றில், தெரியாத தெருக்களில் நடந்தபோது விலைமாதர் தெருவுக்குள் நுழைந்துவிடுகிறார். அவசரமாக வெளியேறி வேறு வழியில் நடந்தால் மறுபடி அதே தெரு. இன்னொரு சுற்றுச் சுற்றி வந்தால் மூன்றாம் முறையும் அதே தெரு. அப்போது தன்னைப் பற்றிக்கொண்ட கையறு நிலை, சில கனவுகளில் வருவதைப் போன்றது என்று அவர் எழுதுகிறார். கனவை விளக்கப் புறப்பட்டவருக்கு விழிப்பை விளக்கக் கனவு தேவைப்பட்டது. கனவுக்குள் ஒளிந்திருக்கும் ஆசையைத் தேடியவர், அந்தத் தெருவில் தன் கால்கள் ஏன் அங்கேயே போயின என்று கேட்டுக்கொள்ளவில்லை. அந்த அச்சத்தின் சாயலை மட்டும் பிடித்தார். அந்தச் சாயல்தான் நமக்கும் வேண்டியது.

நம் ஊர்களில் இதே கையறு நிலைக்கு ஒரு செடியின் பெயர் உண்டு: திகைப்பூண்டு. அதை மிதித்தவனுக்குத் திக்குத் தெரியாது, விடிய விடிய ஒரே வரப்பைச் சுற்றி வருவான் என்பார்கள். அயர்லாந்திலும் இதற்கு ஓர் அண்ணன் நம்பிக்கை இருக்கிறது. அங்கே ஒரு குறிப்பிட்ட புல்தரையை மிதித்தவர், தான் பிறந்து வளர்ந்த வயலிலேயே வேலிக்கதவைக் காணாமல் அலைவாராம். மேலங்கியைக் கழற்றி உட்புறத்தை வெளியே திருப்பிப் போட்டுக்கொண்டால் மயக்கம் நீங்குமாம். ஒன்றையொன்று அறியாத இரண்டு மண்களும் ஒரே முடிவுக்கு வந்திருக்கின்றன: பழகிய இடத்தில் வழி தவறியவன் மேல் குற்றமில்லை, காலடியில் இருந்த ஏதோ ஒன்றுதான் காரணம். இது விழிப்புக்குச் சொன்ன விளக்கம். ஆனால் கேட்கும்போது கனவின் வாடை அடிக்கிறது.

ஏனென்றால் கனவில் நடப்பது இதுதான். விழிப்பில் இடம் நிலையாக நிற்கிறது, நான் தவறுகிறேன். கனவில் நான் சரியாகத்தான் நடக்கிறேன், இடம் தவறுகிறது. மூன்றாவது சந்தில் இருந்த ஆச்சியின் வீடு, இரண்டு சந்துகளை எண்ணி மூன்றாவதில் திரும்பும்போது அங்கே இல்லை. தொடர்வண்டி நிலையத்தில் ஐந்தாம் நடைமேடைக்கு அடுத்து ஒன்பதாம் நடைமேடை வருகிறது. பள்ளிக்கூடத்தின் மாடி முடிந்த இடத்தில் யாருடைய வீட்டுக் கொல்லைப்புறமோ தொடங்குகிறது. காட்டில் தொலைந்தவரிடம் கேட்டால் ‘எங்கேயோ தப்பாகத் திரும்பிவிட்டேன்’ என்பார். கனவில் தொலைந்தவரிடம் கேட்டால் ‘தெருவே மாறிப்போச்சு’ என்பார். அந்தத் தெருவைக் கட்டியதும் மாற்றியதும் அவருடைய மனமேதான் என்பது விழித்த பிறகுதான் உறைக்கிறது. காட்டில் அலைபவர் வேறு, காடு வேறு. கனவில் அலைபவரும் காடும் ஒருவரே.

இங்கே ஓர் எதிர்பாராத உறவு தலைகாட்டுகிறது. வரைபடமும் திசைகாட்டியும் கொண்டு காட்டில் நடப்பவர்கள், ‘வரைபடத்தை வளைப்பது’ என்று ஒரு பிழையைச் சொல்வதுண்டு. தவறான இடத்தில் நிற்பவர், தான் சரியான இடத்தில் நிற்பதாக நம்பிவிட்டால், கண்ணில் படுவதையெல்லாம் அந்த நம்பிக்கைக்குப் பொருத்தத் தொடங்குகிறார். வரைபடத்தில் ஓடை இருக்க வேண்டிய இடத்தில் காய்ந்த பள்ளம் இருந்தால், ‘கோடையில் வற்றிவிட்டது’ என்கிறார். பாறை இருக்க வேண்டிய இடத்தில் மரக்கூட்டம் இருந்தால், ‘மரங்கள் வளர்ந்து மறைத்துவிட்டன’ என்கிறார். ஒவ்வொரு சமாதானமும் அவரை இன்னும் சற்று உள்ளே கொண்டுபோகிறது.

கனவு காண்பவரும் இதையே செய்கிறார், இன்னும் துணிச்சலாக. நீலச் சுவரும் ஓட்டுக் கூரையும் கொண்ட, எந்த நாளும் பார்த்திராத ஒரு வீட்டைக் கண்டு, ‘இது எங்கள் அத்தை வீடு’ என்று சந்தேகமே இல்லாமல் நினைக்கிறார். காட்டில் நிற்பவர் காரணங்களை அடுக்கி இடத்தைத் தவறாக அடையாளம் காண்கிறார். கனவில் நிற்பவர் காரணமே இல்லாமல் அடையாளம் காண்கிறார். வழி தவறுவதற்கு அறியாமை காரணம் என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது வேறொன்று தெரிகிறது. வழி தெரியாதவன் நின்று கேட்பான். வழி தெரியும் என்று நினைப்பவனே தொலைகிறான்.

மூளைக்குள் இறங்கிப் பார்த்தாலும் இந்த உறவு நீடிக்கிறது. நாம் நிற்கும் இடத்தை உணர்த்தும் இடச் செல்களை லண்டனில் ஜான் ஓ’கீஃப் 1971இல் எலியின் ஹிப்போகாம்பஸ் பகுதியில் கண்டறிந்தார். அதற்கு அடுத்த பகுதியில், அறுகோண ஒழுங்கில் வெளியை அளக்கும் கட்டச் செல்களை நார்வேயின் மே-பிரிட் மோசரும் எட்வர்ட் மோசரும் 2005இல் அறிவித்தார்கள். மூவருக்கும் 2014இல் நோபல் பரிசு கிடைத்தது. தலை நோக்கும் திசையைச் சொல்லும் செல்களும் தனியே இருக்கின்றன. எலி இருக்கும் அறையின் சுவரில் ஒட்டிய அடையாள அட்டையை இடம் மாற்றி ஒட்டினால், அந்தத் திசைச் செல்கள் ஒன்றிரண்டாக அல்லாமல், மொத்தமாக ஒரே கோணத்தில் திரும்பிவிடும். பேருந்தில் விழித்தவருக்கு உலகம் முழுவதும் ஒரே அடியாகப் புரண்டதும், ஒரு பெயர்ப்பலகையால் ஒரே அடியாக நிமிர்ந்ததும் இத்தகைய திருப்பத்தின் சாயலில்தான் இருக்கின்றன.

பகலில் வழியை அளக்கும் இதே கருவி இரவில் ஓய்ந்துவிடுவதில்லை. எலி நடந்து முடித்து உறங்கும்போது, நடையின்போது சேர்ந்து இயங்கிய இடச் செல்கள் மறுபடி சேர்ந்து இயங்குவதை மேத்யூ வில்சனும் புரூஸ் மெக்நாட்டனும் 1994இல் காட்டினார்கள். கண்கள் விரைந்து அசையும் உறக்கத்திலும் ஓடுபாதையின் நினைவு ஏறத்தாழ நடந்த வேகத்திலேயே மீண்டும் ஓடுவதைக் கென்வே லூயியும் வில்சனும் 2001இல் எழுதினார்கள். எலி கனவு கண்டது என்று இதனால் சொல்லிவிட முடியாது. ஆனால் விழிப்பின் பாதைகள் உறக்கத்தில் மறுபடி நடக்கப்படுகின்றன என்று சொல்லலாம். அதே உறக்கத்தில், மனித மூளையில், ‘இது பொருந்துகிறதா’ என்று சீர்தூக்கும் நெற்றிப் பகுதி அடங்கியும், அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலா விழிப்பாகவும் இருப்பதை 1990களின் ஸ்கேன் ஆய்வுகள் காட்டின. காட்டில் பீதியடைந்தவரின் மூளையும் இதற்கு வெகு தொலைவில் இல்லை. அச்சம் ஏறும்போது சீர்தூக்கும் திறன் இறங்குகிறது. உறக்கம் செய்வதைக் காட்டில் பயம் செய்கிறது.

உடல் மட்டும் எதிர்த் திசையில் போகிறது. காட்டில் வழி தவறியவர் நடையை எட்டிப் போடுகிறார், பிறகு ஓடுகிறார். கால் ஓட, மனம் ஒரே எண்ணத்தில் உறைந்து நிற்கிறது. கனவில் வழி தவறியவரின் கால்களோ, கண்கள் விரைந்து அசையும் அந்த உறக்கத்தில் தசை தளர்ந்து கட்டுண்டு கிடக்கின்றன. கால் கிடக்க, மனம் ஓடுகிறது. கனவில் கால் மண்ணில் புதைவது போலவும், ஓட நினைத்தும் ஓட முடியாதது போலவும் வரும் உணர்வை இந்தக் கட்டோடு பலர் இணைத்துப் பார்க்கிறார்கள். ஒருவர் அதிகம் நகர்ந்து தொலைகிறார், மற்றவர் நகர முடியாமல் தொலைகிறார்.

காலமும் இருவருக்கும் இருவிதம். காட்டில் கடிகாரம் வெளியே இருக்கிறது. வெயில் சாய்கிறது, வெளிச்சம் குறைகிறது. கனவில் கடிகாரம் உள்ளே இருக்கிறது. பரீட்சை தொடங்கிவிட்டது, வண்டி கிளம்பப் போகிறது, முகூர்த்தம் தாண்டுகிறது. அமெரிக்காவில் கால்வின் ஹாலும் ராபர்ட் வான் டி காஸிலும் ஆயிரக்கணக்கில் கனவுகளைத் திரட்டி 1966இல் ஒரு வகைப்பாட்டை வெளியிட்டார்கள். அதில் கனவில் நேரும் துன்பங்களைப் பிரிக்கும்போது, வழி தவறுதல், தாமதமாதல், தடை குறுக்கிடுதல், நகர முடியாமல் போதல் ஆகிய நான்கையும் ஒரே வகுப்பில் வைத்தார்கள். விழிப்பில் இவை நான்கும் வெவ்வேறு தொல்லைகள். கனவின் கணக்கில் ஒரே தொல்லைக்கு நான்கு முகங்கள்: போய்ச் சேர வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது, போய்ச் சேரவில்லை.

இந்தக் குறிப்பு முக்கியமானது. காட்டில் தொலைந்தவருக்கு வேண்டியது வழி. எந்தச் சாலையில் ஏறினாலும் போதும், எந்த ஊர் விளக்கு தெரிந்தாலும் போதும். கனவில் தொலைந்தவருக்கு எந்தச் சாலையும் போதாது. அந்த ஒரு வீடு, அந்த ஒரு வகுப்பறை, அந்த ஒரு வண்டிதான் வேண்டும். முன்னவர் எங்கேயாவது போய்ச் சேர ஏங்குகிறார். பின்னவர் ஓரிடத்துக்குக் கடன்பட்டிருக்கிறார்.

இந்த வேறுபாட்டைச் சிலப்பதிகாரம் இரண்டு காதைகளில் காட்டிவிட்டுப் போகிறது. கனாத்திறம் உரைத்த காதையில் கண்ணகி தன் கனவைத் தேவந்தியிடம் சொல்கிறாள்: கணவன் கோவலன் கைப்பிடித்துப் போய் ஒரு பெருநகரில் புகுந்ததும், அங்கே தகாத பழி ஒன்று தேளைப் போட்டதுபோல் தன் மேல் விழுந்ததும். போன வழி எது என்பது அந்தக் கனவில் இல்லை. நகரின் பெயரும் இல்லை. காடுகாண் காதையோ இதற்கு நேர் எதிர். மாங்காட்டு மறையோன் மதுரைக்குப் போகும் வழியை மூன்றாகப் பிரித்துச் சொல்கிறான். வலப்பக்க வழியில் சிறுமலை, இடப்பக்க வழியில் திருமால்குன்றமும் அதன் பொய்கைகளும், நடுவழியில் வழிப்போக்கரை மயக்கும் ஒரு தெய்வம் என்று அடையாளம் அடையாளமாக அடுக்குகிறான். கனவில் இடத்துக்குப் பெயரே இல்லை. விழிப்பில் குளத்துக்குக்கூடப் பெயர் உண்டு.

பிறகு அந்தத் தெய்வம் உண்மையிலேயே வருகிறது, மாதவியின் தோழி வசந்தமாலையின் முகத்தோடு. நீர் தேடிப்போன கோவலன் முன் பழகிய முகம், பழகாத இடத்தில். இது விழிப்புக்குள் கனவு புகுந்த காட்சி. ஆனால் கோவலன் ஏமாறவில்லை. மந்திரம் சொல்கிறான், மாயம் விலகுகிறது, அவர்கள் வழி தவறாமல் மதுரை போய்ச் சேர்கிறார்கள். இதில்தான் காப்பியத்தின் ஆழம் இருக்கிறது. காட்டில் அவர்கள் தொலையவில்லை. சரியான வழியில் நடந்து, சரியான நகரத்துக்குள் நுழைந்து, அங்கேதான் தொலைந்தார்கள். மறையோன் வழியைச் சொன்னான், அது பிழையில்லை. கனவு சேருமிடத்தைச் சொன்னது, அதுவும் பிழையில்லை. வரைபடம் பாதைக்கு, கனவு போய்ச் சேர்வதற்கு என்ற வேலைப் பிரிவினையை இளங்கோவடிகள் எவ்வளவு தெளிவாகக் கண்டிருக்கிறார்!

இனி, எடுத்து வைத்த இரண்டு சொற்களுக்குத் திரும்பலாம். எட்டு வயதில், அழகர் ஆற்றில் இறங்கும் நாளில், வைகை மணலில் அம்மாவின் கையை விட்டுவிட்டேன். எதிரே ஒரு பாட்டி சர்க்கரை நிறைத்த சொம்பின் மேல் ஏற்றிய சுடரைக் காற்று அணைக்காதபடி உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு நின்றார். அந்தச் சுடரையும், சிவந்து தெரிந்த அவர் விரல்களையும் பார்த்துக்கொண்டு நின்றதுதான் நினைவிருக்கிறது. பயமே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒலிபெருக்கியில் ஒரு குரல், பச்சைச் சட்டையும் காக்கி நிஜாரும் போட்ட எட்டு வயதுப் பையன் என்று சொல்லத் தொடங்கியது. குனிந்து என் சட்டையைப் பார்த்தேன். பச்சை. அந்தக் கணத்தில்தான் நான் காணாமல் போனவன் ஆனேன், அப்போதுதான் அழுதேன். அந்தப் பாட்டிதான் ஒரு கையில் சொம்பும் மறு கையில் நானுமாக ஒலிபெருக்கி இருந்த பந்தலுக்குக் கூட்டிப்போனார்.

அதற்குப் பிறகு எத்தனையோ முறை கனவில் தொலைந்திருக்கிறேன். பெரும்பாலும் ஆச்சி வீட்டுச் சந்தைத் தேடி. ஒருமுறைகூட அந்தக் கனவுகளில் ஒலிபெருக்கி கேட்டதில்லை. யாரும் என் சட்டையின் நிறத்தைச் சொல்லி அழைத்ததில்லை. இதை நண்பர்களிடம் கேட்டுப் பார்த்தேன். அவர்களும் யோசித்துவிட்டு, தங்கள் கனவுகளிலும் தேடி வருபவர் இல்லை என்றார்கள். விழிப்பில் ஒருவன் வழி தவறும்போது, அவன் அறியாமலே இன்னொரு பக்கம் தேடல் தொடங்கிவிடுகிறது. கனவில் ‘வழி தவறுதல்’ உண்டு, ‘காணாமல் போதல்’ இல்லை. கனவின் துயரம் பாதை தெரியாததில் இருப்பதைவிட, தேடி வருவோர் இல்லாததில் அதிகம் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. ஊர் மாறியவர்கள், வேலை இழந்தவர்கள், பெற்றோரைப் பறிகொடுத்தவர்கள் இந்தக் கனவைப் பற்றி அடிக்கடிப் பேசக் கேட்டிருக்கிறேன். அவர்களில் யாருக்கும் தெரு தெரியாமல் இல்லை. தாங்கள் வந்து சேர்ந்தார்களா என்று எதிர்பார்த்திருந்த ஒரு கண்தான் இல்லாமல் போயிருந்தது.

அப்படியானால் கனவு வெறும் துயரம்தானா? ஹார்வர்டில் எரின் வாம்ஸ்லி, ராபர்ட் ஸ்டிக்கோல்ட் குழுவினர் 2010இல் வெளியிட்ட ஆய்வு இங்கே ஒரு மகிழ்ச்சியான திருப்பத்தைத் தருகிறது. கணினித் திரையில் ஒரு புதிர்வழிக்குள் பலரை விட்டு, வழி கண்டுபிடிக்கச் சொன்னார்கள். பிறகு சிலரைச் சிறிது நேரம் தூங்கவிட்டார்கள், மற்றவர்கள் விழித்திருந்தார்கள். தூங்கியவர்களில் மிகச் சிலர் அந்தப் புதிர்வழி தொடர்பான கனவு கண்டதாகச் சொன்னார்கள். அதுவும் வழி அப்படியே வரவில்லை. ஒருவருக்கு அந்தப் பயிற்சியின் இசை மட்டும் கேட்டது, ஒருவருக்கு எப்போதோ சுற்றிப் பார்த்த வௌவால் குகைகள் வந்தன. மறுபடி புதிர்வழிக்குள் விட்டபோது மற்றவர்களைவிட மிகுதியாக முன்னேறியவர்கள் இந்தச் சிலர்தான். விழித்திருந்தவர்கள் புதிர்வழியைப் பற்றி எவ்வளவு யோசித்தும் அந்தப் பயன் கிடைக்கவில்லை.

இதில் என்னை நிறுத்தி வைத்த செய்தி வேறு. அப்படிக் கனவு கண்டவர்கள் முதல் முறை திறமையாக வழி கண்டவர்கள் இல்லை, அதிகம் திணறியவர்கள். விழிப்பில் தொலைந்தவருக்குத்தான் கனவில் தொலையும் வாய்ப்பு வந்தது. கனவில் தொலைந்தவருக்குத்தான் விழிப்பில் வழி பிடிபட்டது. சில பேரை வைத்து நடந்த ஆய்வு. அதைக் கொண்டு எல்லாக் கனவுக்கும் தீர்ப்பு எழுதக்கூடாது. ஆனால் அது காட்டும் திசை நம்பிக்கை தருவது. வழி தவறும் கனவு, வழி தவறிய இடத்துக்கு மனம் மறுபடி போய் நிற்பது. போய் நிற்பது எதற்காக? பகலில் விட்ட வேலையை முடிப்பதற்காக.

பழைய கனவு நூல்கள் இந்த இடத்துக்கு எவ்வளவு பக்கத்தில் வந்தன என்பது வியப்பு. நம் கனவு நூல் மரபு கனவு கண்டவரிடம் ‘எந்த யாமத்தில் கண்டாய்’ என்று கேட்டு, பலிக்கும் காலத்தைச் சொன்னது. இரண்டாம் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் ஐந்து பகுதிகள் கொண்ட கனவு நூலை எழுதிய அர்த்தமிதோரஸ், ‘நீ யார், என்ன தொழில்’ என்று கேட்டு, ஒரே கனவுக்கு ஆளுக்கு ஆள் வேறு பொருள் சொன்னார். ஒருவர் காலத்தைக் கேட்டார், மற்றவர் ஆளைக் கேட்டார். காட்டில் மீட்புக்குப் போகிறவர்களும் இதே இரண்டைத்தான் முதலில் கேட்கிறார்கள்: கடைசியாக எப்போது பார்த்தீர்கள், எப்படிப்பட்டவர்? நான்கு வயதுக் குழந்தை, காளான் பறிக்கப் போனவர், மறதி நோய் கண்ட முதியவர் என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகத் தொலைவார்கள் என்பது அவர்களுடைய அனுபவ பாடம்.

அதே மீட்புப் பணியாளர்கள் குழந்தைகளுக்குக் கற்றுத்தருவது ஒன்று உண்டு. 1981இல் அமெரிக்காவின் சான் டியேகோ பகுதியில், காட்டில் வழி தவறிய ஒரு சிறுவனை உயிரோடு மீட்க முடியாமல் போன பிறகு, ஒரு பயிற்சித் திட்டம் தொடங்கினார்கள். அதன் சாரம் மிக எளியது: வழி தவறிவிட்டாய் என்று தெரிந்ததும் ஓடாதே. பக்கத்திலிருக்கும் ஒரு மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொள். அதை உன் மரமாக்கிக்கொள். அங்கேயே இரு, தேடி வருகிறார்கள்.

கனவிலிருந்து வியர்த்து விழித்தவர்களுக்கும் இதைவிட நல்ல அறிவுரை எனக்குத் தெரியவில்லை. அந்தத் தெரு எது, அது எந்த ஊர் என்று கனவின் சந்துகளுக்குள் மறுபடி ஓட வேண்டாம். அந்த வரைபடம் எந்த நிலத்துக்கும் பொருந்தாது. நின்று இரண்டு கேள்விகள் மட்டும் கேட்டுக்கொள்ளலாம். எங்கே போய்ச் சேர வேண்டியிருந்தது? அங்கே யார் காத்திருந்தார்கள்? எனக்கு அந்தக் கேள்விகளின் விடை எப்போதும் ஒன்றுதான். ஆச்சி இறந்து பல வருடங்கள் ஆகின்றன, வீடு கைமாறிவிட்டது. அந்தச் சந்து மட்டும் கனவில் இடம் மாறி மாறிப் போகிறது. போன மாதம் அம்மாவைத் தொலைபேசியில் அழைத்து, அந்த வீட்டுத் திண்ணை எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று கேட்டேன். கிழக்கு என்றார். ‘ஆச்சி அதில்தான் உட்கார்ந்திருப்பாங்க, நீ பள்ளிக்கூடம் விட்டு வர்ற வரைக்கும்’ என்றார்.